கட்டற்ற இயங்குதளங்கள்: ஆதரவுக் காலத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்ததை ஒட்டி, பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழ் வெளியிட்ட கட்டுரையை வரவேற்கிறேன். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லை என்பதற்காகவே விண்டோஸ் 11-க்கு மாற முடியாமல் நிற்கும், மற்றபடி நல்ல நிலையில் உள்ள கணினிகளைக் கழித்துவிட வேண்டியதில்லை என்று அதில் சொல்லியிருந்தது முற்றிலும் சரி. ஆனால் பல வகைகளில் வரும் லினக்ஸில் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு வந்தபோது, கட்டுரை பத்துப் பெயர்களை அடுக்கி, ஒவ்வொன்றின் திரைத் தோற்றத்தையும் வேகத்தையும் விவரித்ததோடு நின்றுவிட்டது. குறிப்பிட்ட பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை யார் தருகிறார்கள், எந்த ஆண்டு வரை தருவார்கள் என்பது ஓரிடத்திலும் இல்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓர் இயங்குதளத்தைத் தேடுபவர் முதலில் அறிய வேண்டியது அதுதான்.

உபுண்டு என்ற லினக்ஸ் வகையையே எடுத்துக்கொள்வோம். அதன் பதிப்பு எண்ணின் முதல் பகுதி ஆண்டையும் அடுத்த பகுதி மாதத்தையும் குறிக்கும். 2024 ஏப்ரலில் வந்தது 24.04, 2025 அக்டோபரில் வந்தது 25.10. இரண்டையும் அருகருகே பார்ப்பவர் பெரிய எண்ணைத்தான் பதிவிறக்குவார். அதில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் 25.10 ஓர் இடைக்காலப் பதிப்பு. ஒன்பது மாத ஆதரவோடு, 2026 ஜூலையில் அதன் காலம் முடிகிறது. 24.04 நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால் அதற்கு 2029 வரை திருத்தங்கள் வரும். இந்த 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கும் 2029 வரை ஆயுள் உண்டு. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-க்கு மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், அதன் பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீட்டித்த ஆதரவும் கிடைக்கும். ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதங்கள்தான். அது தரத்தில் குறைந்தது அன்று, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அடுத்த பதிப்புக்கு மாறிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு உரியது.

இதைப் பட்டறிந்துதான் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காவின் மடிக்கணினியில், அப்போது புதிதாக வெளிவந்திருந்த ஒரு பதிப்பை நிறுவிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு அவர் ஒரு மென்பொருளைச் சேர்க்க முயன்றபோது, வரிக்கு வரி 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்ற பிழைச் செய்தியே வந்தது. அந்தப் பதிப்பின் காலம் முடிந்து, அதன் மென்பொருள் களஞ்சியம் பழைய பதிப்புகளுக்கான கிடங்குக்குப் போய்விட்டிருந்தது. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே திருத்தங்கள் நின்றுபோயிருக்கின்றன. அது தெரியாமல் அவர் வங்கிக் கணக்கு உட்பட எல்லாவற்றையும் அதே உலாவியில்தான் பார்த்து வந்திருக்கிறார். நான் பதிப்பு எண்ணைப் பார்த்தேனே ஒழிய ஆதரவுக் காலத்தைப் பார்க்கவில்லை. அக்காவிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்த நாளை இன்னும் மறக்கவில்லை.

அறிவித்த காலம் மட்டும் போதாது, அதை அறிவிப்பது யார் என்பதும் முக்கியம். சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்றிருந்த நிலையில், அது 2021 இறுதியோடு முடிந்துவிடும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். பெரும்பாலும் சர்வர்களில் ஓடிய இயங்குதளம் அது என்றாலும், பெரிய நிறுவனம் பின்னால் இருந்தாலும் காலக்கெடு சுருங்கலாம் என்பது அன்று தெரிந்தது. மறுபுறம், 1993-இல் தொடங்கிய டெபியன் தன்னார்வலர்களின் கூட்டு முயற்சியாகவே இத்தனை ஆண்டுகள் தடையின்றி நடந்து வருகிறது. ஆகவே நிறுவனமா தன்னார்வமா என்பதைவிட, ஓரிருவர் விலகிப்போனாலும் வேலை தொடருமா என்று பார்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. கண்ணைக் கவரும் திரையோடு வரும் சிறு வெளியீடுகள் பலவற்றில் அந்த உறுதி இல்லை.

நீண்டகாலப் பதிப்பு புதிய வன்பொருளை அறியாது என்று ஒரு வாதம் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் 24.04.3 போன்ற இடைத் திருத்த வெளியீடுகள் புதிய கர்னலோடுதான் (வன்பொருளை இயக்கும் மையப் பகுதி) வருகின்றன. எப்படியிருந்தாலும், நிறுவும் முன்பே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்துவிட முடியும். ஹார்டு டிஸ்கில் ஓர் எழுத்தும் மாறாது. வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, ஒரு பக்கம் அச்சாகிறதா என்று பார்த்தபின், மடிக்கணினியின் மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பார்க்க வேண்டும். என் மடிக்கணினியில் ஒரு பதிப்பு இந்தக் கடைசிச் சோதனையில்தான் விழுந்தது: விசிறி சுழன்றது, விசைப்பலகை விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கர்னல் புதிதாக இருந்த மற்றொரு பதிப்பில் அதே மூடியைத் திறந்ததும் கடவுச்சொல் கட்டம் வந்து நின்றது. தமிழில் தட்டச்சு செய்பவர்கள், தாங்கள் பழகிய தமிழ்99 அல்லது ஒலியியல் விசைப்பலகை சரியாக அமைகிறதா என்பதையும் இதே நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பதிவிறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையை (கோப்பு மாறவில்லை என்று உறுதிசெய்யும் எண்ணெழுத்து வரிசையை) வெளியீட்டாளர் தந்ததோடு ஒப்பிடுவது வீண் சடங்கு அன்று. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், பின்கதவு (கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி) வைத்த கோப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். சரிபார்த்தவர்களால் அதைக் கண்டுகொள்ள முடிந்தது. விண்டோஸையும் வைத்துக்கொண்டு அருகிலேயே நிறுவுவோர், காப்பு நகலோடு விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியையும் முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் போன்றவற்றை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு லினக்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன். அவை அதில் நேரடியாக இயங்குவதில்லை. உலாவி, மின்னஞ்சல், லிப்ரேஆபீஸ் ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும் மற்றவர்களுக்கு மின்ட், உபுண்டு நீண்டகாலப் பதிப்பு, டெபியன் ஆகிய மூன்றுக்குள் தேடினாலே போதும் என்பேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். இனி இத்தகைய கட்டுரைகளில் ஓர் இயங்குதளத்தின் பெயரை அச்சிடும்போது, அதன் பதிப்பு எண்ணையும், ஆதரவு முடியும் மாதத்தையும் ஆண்டையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஒரு பெயருக்கு ஒரு வரி இடம் போதும். கட்டுரையோடு வரும் திரைத் தோற்றப் படங்களில் ஒன்றைக் குறைத்தால் அந்த இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்