எச்.எம்.டி வாட்ச் வரைபடங்களைப் பொதுவில் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எச்.எம்.டி ஜனதா, பைலட் மாதிரியான சாவி கொடுக்கும் வாட்ச்சுகள் இன்னும் எத்தனையோ வீட்டு பீரோக்களில் அப்பா, தாத்தா நினைவாகக் கிடக்கின்றன. ரிப்பேருக்கு எடுத்துப் போனால் "பார்ட்ஸ் வர்றதில்லைங்க" என்கிறார்கள். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி துணையோடு பெங்களூரில் தொடங்கிய தயாரிப்பு அது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இப்போது கடைக்காரர்கள் ஒரு பழைய வாட்ச்சைப் பிரித்துத்தான் இன்னொன்றைப் பிழைக்க வைக்கிறார்கள். அப்படிப் பிரிக்கப்படுவதிலும் பல நல்ல வாட்ச்சுகள் இருக்கின்றன, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இந்தப் பாகங்களில் சிலவற்றை மேசை மேல் வைக்கிற, கம்ப்யூட்டர் புரோகிராம்படி வெட்டும் சின்ன சி.என்.சி மெஷினிலேயே செய்துவிடலாம். செட்டிங் லிவர் ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாவியை இழுத்து முள்ளைத் திருப்பும்போது சாவியை அந்த இடத்தில் பிடித்து நிறுத்துவது அதுதான், ஏறத்தாழ 0.3 மி.மீ தடிமனுள்ள எஃகுத் தகடு. அதன் மூக்கு ஒடிந்தால் மற்றதெல்லாம் நன்றாக ஓடினாலும் நேரம் வைக்க முடியாது. ஒடிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து சாதாரண ஸ்கேனரில் 2400 டி.பி.ஐ-யில் எடுத்தால் ஒரு புள்ளி சுமார் நூறில் ஒரு மில்லிமீட்டர். அதன் மேலேயே கோடு வரைந்து, ஓட்டைகளின் இடைவெளியை மட்டும் காலிப்பரில் சரிபார்த்துக்கொண்டால் வரைபடம் ரெடி. பதம் போடாத டூல் ஸ்டீல் தகட்டைப் பித்தளைத் துண்டின் மேல் சூப்பர் குளூவில் ஒட்டி, 0.5 மி.மீ கார்பைடு டூலால் ஒரு தடவைக்கு 0.02 மி.மீ-க்கு மேல் இறக்காமல் வெட்ட வேண்டும். அசிட்டோனில் ஊறப் போட்டால் தானாகக் கழன்று வரும். அப்புறம் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, பிசிறு எடுத்துத் தேய்த்துவிட்டு, நீல நிறம் ஏறும் வரை மெதுவாகச் சூடு காட்டினால் ஸ்பிரிங்குக்கு வேண்டிய துள்ளல் வந்துவிடும்.

மெஷின் விலை குறைவு என்பதால் முடியாது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த மெஷின்களில் பல, கணக்குப்படி மோட்டாரின் ஒரு ஸ்டெப்புக்கு 2.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர்) நகரும், ஆனால் திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் இருக்கும் லூஸ் அதைவிடப் பல மடங்கு, அதனால் அந்தக் கணக்கை நம்பாமல், அளவு முக்கியமான இடங்களுக்கு எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து வெட்டும்படி புரோகிராம் எழுத வேண்டும். டூல் எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஆரம்பித்தால் அந்தச் சின்ன டூல் நிமிஷத்தில் ஒடியும். சக்கரங்களைத் தாங்கும் பித்தளைப் பிரிட்ஜ், கொடுத்த சாவி திரும்பக் கழலாமல் தடுக்கும் கிளிக், முட்கள் எல்லாம் இதே வழியில் வரும். பேலன்ஸ் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட வைக்கும் ஹேர் ஸ்பிரிங்கும், சாவி கொடுக்கும்போது முறுக்கேறும் மெயின் ஸ்பிரிங்கும் வராது. அந்தப் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சான பேலன்ஸ் ஸ்டாஃபின் முனை 0.1 மி.மீ அளவுதான், அதற்கு நல்ல வாட்ச் லேத்தும் பழகிய கையும் வேண்டும்.

ஆனால் ஒவ்வொருவரும் ஒடிந்த துண்டை அளந்து ஆரம்பிப்பது வீண் வேலை, துல்லியமும் இல்லை. தேய்ந்த பாகத்தை அளந்தால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் நகலெடுக்கிறோம். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பது கம்பெனியின் அசல் வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். எச்.எம்.டி மத்திய அரசு நிறுவனம், அந்த வரைபடங்களில் மக்கள் பணம் இருக்கிறது. தயாரிப்பு நின்றுபோன மூவ்மென்ட்டுகளின் (வாட்ச்சின் உள் இயந்திரங்களின்) வரைபடங்களையாவது கனரகத் தொழில் அமைச்சகம் இணையத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி போட வேண்டும். சிட்டிசனோடு போட்ட ஒப்பந்தம் எதற்காவது தடையாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, மீதியைக் கொடுக்கட்டும். நம் எம்.பி-க்களில் ஒருவராவது இதை நாடாளுமன்றத்தில் கேட்டால் நன்றாக இருக்கும்.

முழுவதையும் ஒரே நாளில் கேட்கவில்லை. ஜனதாவின் சாவிப் பக்கத்துப் பாகங்கள் முதலில் வரட்டும். செட்டிங் லிவர், அதன் ஸ்பிரிங், சாவியை இழுத்ததும் பல்சக்கரத்தை நகர்த்தி முள் திருப்ப வைக்கும் யோக், கிளிக் ஆகிய இந்த நாலு தாள் கிடைத்தாலே கோவையில் செய்து கொடுக்கப் பட்டறைகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பீளமேடு, கோவை