எதுகையை எடுத்தெழுதினால் போதுமா?

தமிழ் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ‘பாடலில் உள்ள எதுகை, மோனைச் சொற்களை எடுத்தெழுதுக’ என்ற கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல். பாட்டின் பொருள் துளியும் புரியாத பிள்ளைகூட இதற்கு முழு மதிப்பெண் வாங்கிவிடும். முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை; இதைப் பார்க்கத் தெரிந்தால் போதும். அந்த ஓசை பாட்டுக்குள் என்ன வேலை செய்கிறது என்று நீங்கள் கேட்பதில்லை.

அப்பர் தேவாரத்தையே எடுத்துக்கொள்வோம்:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

மாசில், வீசு, மூசு, ஈசன். மதிப்பெண் விழுந்துவிட்டது. சரி, அப்புறம்? எதுகையில் முதலெழுத்தின் அளவும், அதாவது அது குறிலா நெடிலா என்பதும், ஒத்துவர வேண்டும். முதலடியை அப்பர் நெடிலில் எடுத்துவிட்டார்; அதனால் நான்கு அடியிலும் குரல் நின்று நிதானித்துத்தான் உள்ளே போகிறது. இடையில் ஐந்து ‘உம்’. ஒவ்வொன்றிலும் உதடு மூடி ஒரு சிறு ரீங்காரம் எழுகிறது. வண்டு வருவதற்கு முன்பே அதன் ஒலி வந்துவிடுகிறது. கடைசி அடியில் ‘உம்’ கிடையாது. அடுக்குவது முடிந்து, ‘நீழலே’ என்று வாய் திறந்தபடி குரல் ஓய்கிறது. சுண்ணாம்புக் காளவாயில் அடைபட்டிருந்தபோது பாடியது என்பார்கள். அந்தச் சூட்டில் இந்த நிதானம்!

அதற்காக மெல்லினம் வந்தால் மென்மை என்று சூத்திரம் கட்டிவிடாதீர்கள். கம்பனின் சூர்ப்பணகை ‘பஞ்சி’, ‘கஞ்சம்’, ‘மஞ்ஞை’ என்று மெல்லொலியில் நடந்து வருகிறாள். காது அதில் மயங்கிக் கிடக்கும்போதே ‘வஞ்சி என, நஞ்சம் என, வஞ்ச மகள் வந்தாள்’ என்கிறான். கொடிக்கும் விஷத்துக்கும் ஒரே ஓசை. இராமனை ஏமாற்ற வருகிறவள் முதலில் நம் காதை ஏமாற்றிவிடுகிறாள்.

இப்படி ஓசையைக் கவனிப்பது இறக்குமதிச் சரக்கு அல்ல. தொல்காப்பியச் செய்யுளியலே 20 வண்ணங்களை, அதாவது பாட்டின் ஓசை வகைகளை, சொல்கிறது. வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை, நெட்டெழுத்து பயின்றால் நெடுஞ்சீர் என்று எழுத்தின் ஓசையை வைத்தே பல வண்ணங்களைப் பிரிக்கிறது.

நான் கேட்பது ஒரே ஒரு வினா. ‘இப்பாடலை வாய்விட்டுப் படி. எந்த இடத்தில் குரல் மெதுவாகிறது, ஏன்?’ விடைக்குறிப்பில் ஒரே பதிலை அச்சடிக்க முடியாதுதான். காரணம் சொல்லியிருந்தால் மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்