என்னைக் கோயிலுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் பிரியமான எங்கள் சேகரத்துச் சபை மக்களுக்கு,

ஸ்தோத்திரம். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு சென்ற ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் வந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டதால் அன்றைக்கு யாரிடமும் ஒழுங்காக நன்றி சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். உதவியவர்கள் தங்கள் பெயரை எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். கப்பர்நகூம் ஊரில் நடக்க முடியாத திமிர்வாதக்காரனை இயேசுவிடம் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்கிய நாலு பேரின் பெயரையும் மாற்கு தம் சுவிசேஷத்தில் எழுதிவைக்கவில்லையே. அவர்களுடைய விசுவாசத்தை இயேசு கண்டார் என்று மட்டும் எழுதியிருக்கிறார். உங்களையும் அந்த வரிசையில் வைத்துத்தான் என் ஜெபத்தில் நினைக்கிறேன்.

இடுப்பெலும்பு முறிந்து படுத்த நாள்முதல் கைபேசியில்தான் ஆராதனை பார்த்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில் கதவுகள் மூடப்பட்டபோது நம் வாலிபர்கள் தொடங்கிய நேரலை அது. கொரோனா போன பின்பும் நிறுத்தாமல் நடத்துகிற அந்தப் பிள்ளைகளுக்கு முதல் நன்றி. எழுந்திருக்க முடியாத மாதங்களில் அது எனக்குத் தண்ணீர் வார்த்தது. வீடு தேடி வந்து திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுத்த நம் போதகர் ஐயரவர்களுக்கும் நன்றி.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எட்டாவது மாதத்திலேயே வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டேன். கோயில் வாசலில் மூன்று படி இருக்கிறது, ஏற முடியாது என்று எல்லாரிடமும் சொன்னேன். அது உண்மைதான். வீட்டிலேயே எல்லாம் கிடைக்கிறதே, போய்த்தான் ஆக வேண்டுமா என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. பிரசங்கத்தின் நடுவே எழுந்துபோய் உலை வைத்தேன். பாட்டுக்கு வாய் திறப்பதை விட்டுவிட்டேன். சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் பத்தாம் அதிகாரத்தில் படித்ததெல்லாம் வேறு யாருக்கோ எழுதியதுபோல் இருந்தது.

கைப்பிடி அரிசி போடுவதை மட்டும் விடவில்லை. உலைக்கு அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளித் தனியாக வைப்பது என் அம்மா கற்றுக்கொடுத்தது. பெண்கள் ஐக்கியச் சங்கத்திலிருந்து ஒரு தங்கை அதை வாங்கிப்போக வந்தாள். பானையைத் திறந்தால் அரிசியில் வண்டு. வெட்கமாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுளகைக் கேட்டு வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து, ஒரு மணிநேரம் புடைத்தாள். புடைத்துக்கொண்டே சபைச் செய்தி சொன்னாள். என் பாயில் எனக்கு அடுத்து உட்காருகிறவள் கணவனை இழந்து மூன்று மாதமாம். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை பார்த்தேன், அவள் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. கேமரா பலிபீடத்தை நோக்கி இருந்தது.

"அரிசியை நான் கொண்டுபோகிறேன் அக்கா. நீங்கள் எப்போது வருவீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தச் சனிக்கிழமையே நம் தச்சர் தம்பியும் வாலிபர் நால்வரும் வடக்கு வாசல் படிகளின்மேல் பலகை அடித்துச் சாய்தளம் போட்டார்கள். வழுக்காமலிருக்க அதன்மேல் சாக்கு வைத்து ஆணி அறைந்திருந்தார்கள். மறுநாள் கோயிலின் முதல் மணி அடிக்கும் முன்பே ஆட்டோ வந்து நின்றது. காசு கொடுத்தேன், ஆட்டோக்காரத் தம்பி வாங்கவில்லை.

அன்று திருவிருந்து ஆராதனை. நம் தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானது. மூன்று ஆண்டு கழித்து வந்த அதன் திருவிருந்து ஒழுங்கில், கைக்குள் கை வைத்துச் சமாதானம் கொடுக்கும் வழக்கத்தைக் கேரளத்துச் சுரியானி சபையாரிடமிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். ஐயரின் கையில் தொடங்கி ஒருவர் மாற்றி ஒருவராகக் கடைசிப் பாய்வரை அது வர வேண்டும். சிறு பிள்ளையிலிருந்து கொடுத்து வாங்கியதுதான். ஆனால் பதினான்கு மாதம் அந்த இடத்தில் நான் வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்ற ஞாயிறு எனக்கு அதைக் கொண்டுவந்தது கணவனை இழந்த அந்தத் தங்கைதான். கை குளிர்ந்திருந்தது. வாங்கினேன், விடவில்லை. இருவரும் அழுதோம். வரிசை எங்களுக்காகக் காத்து நின்றது. காத்து நின்ற உங்கள் எல்லாருக்கும் நன்றி.

படுக்கையில் இருப்பவர்களுக்கு நேரலை வேண்டும், அதை நிறுத்திவிடாதீர்கள். நடக்க முடிந்தும் வீட்டிலிருக்கிறவர்களே, நானும் உங்களில் ஒருத்தியாக இருந்தேன், வாருங்கள். நீங்கள் வராததால் யாரோ ஒருவருடைய கை நீட்டியபடியே நிற்கிறது.

சாய்தளப் பலகையைக் கழற்ற வேண்டாம் என்று ஐயரவர்களிடம் கேட்டிருக்கிறேன், சம்மதித்தார். மேலத்தெருப் பெரியவர் இரண்டு வருடமாகக் கோயிலுக்கு வரவில்லை. ஆட்டோவில் என் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. வரும் ஞாயிறு முதல் மணிக்கு முன்பே அவர் வீட்டு வாசலில் நிற்போம், சொல்லிவையுங்கள்.

உங்கள் அன்புச் சகோதரி,
ஓய்வுபெற்ற ஆசிரியை