கிரெட்டா பாலம்

அன்புள்ள மூர்த்திக்கு,

ஆறு மாதமாகக் கடிதம் போடாதது என் தப்புதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு மூட்டு வலி மட்டும் விட்டபாடில்லை. சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மகளைப் பார்க்க லண்டன் போனேன் அல்லவா, பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆங்கில நீர்வண்ண ஓவியன் ஜான் செல் கோட்மனின் 'கிரெட்டா பாலம்' படத்தைப் பார்த்துவிட்டேனடா! முன்கூட்டியே கேட்டு வைத்தால் பெட்டியிலிருந்து எடுத்துவந்து நம் முன்னால் வைக்கிறார்கள். 23க்கு 33 சென்டிமீட்டர்தான். மூச்சுக்காற்று பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து குனிந்தேன். ஒற்றை வளைவுப் பாலம், கீழே அசையாத தண்ணீர், அதில் பாறைகள். ஒரு நிறத்தைத் தட்டையாக ஒரே பூச்சில் விட்டு, காயும்வரை பொறுத்திருந்து, அதன் விளிம்பை ஒட்டி அடுத்ததை வைத்திருக்கிறான். எங்குமே குழைக்கவில்லை. நீ ஈரத்தின்மேல் ஈரத்தை ஊற்றிவிட்டு 'மூடுபனி' என்று சாதிப்பாயே, அதெல்லாம் இவனிடம் நடக்காது! 1805 வாக்கில் வரைந்தது. அப்போது அவனுக்கு வயது 23தான் இருக்கும்.

இதற்குக் கிடைத்த மரியாதையைக் கேள். 1806-இல் லண்டன் நீர்வண்ண ஓவியர் சங்கம் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்த ஊரான நாரிச்சுக்கே திரும்பிவிட்டான். அப்பா அங்கே முடிதிருத்துபவர். 1809-இல் தன் 600 படங்களை வைத்து ஒரு சுற்று நூலகம் தொடங்கினான். சந்தா கட்டியவர்கள் படத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்து வரையலாம். அந்தக் கை, பிள்ளைகள் நகலெடுப்பதற்காக வரைந்துகொண்டிருந்தது, மூர்த்தி! அப்புறம் யார்மத் என்ற ஊரில் ஒரு வங்கிக்காரரின் குடும்பத்துக்கு ஓவிய வாத்தியார், பிரான்சின் நார்மண்டி தேவாலயங்களைத் தகட்டில் செதுக்கி அச்சுச் சித்திரமாக்கும் வேலை, 1834-இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் பள்ளியில் ஓவிய ஆசிரியர். மனச்சோர்வு இடையிடையே ஆளையே படுக்கப்போட்டது. 1842-இல் போய்விட்டான். ஆனாலும் கடைசிவரை வரைந்தான். பிற்காலத்தில் வண்ணத்தோடு மாவுப்பசை கலந்து புதிய முறை ஒன்றையே முயன்று பார்த்திருக்கிறான்.

கண்காட்சியில் ஒன்றும் விற்கவில்லை என்று நீ தூரிகைகளைப் பரணில் போட்டுவிட்டதாகக் கமலா அக்கா சொன்னாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. உன் படித்துறைப் படம் இன்னும் என் மேஜைக்கு எதிரில்தான் மாட்டியிருக்கிறது. காலையில் காப்பி குடிக்கும்போது அதைத்தான் பார்க்கிறேன்.

நீர்வண்ணத்துக்கான சொரசொரப்புத் தாள் பத்து வாங்கிவந்திருக்கிறேன். சித்திரையில் நேரில் கொண்டுவருகிறேன். அதற்குள் பரணிலிருந்து இறக்கி வை.

அன்புடன்,
ராஜு