லிங்கனிலிருந்து, மாப்ளேக்கு

அன்பு மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மொட்டை ஒமாஹாவில் வீடு வாங்கிவிட்டான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு நம் பழைய ஹவுஸ் ஓனர் வந்தார். கையில் அந்தச் சிவப்புக் குஷன். நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி அணியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில், குளிரில் உட்கார முடியாமல் நீ பிடுங்கிக்கொண்டு கடைசி விசில் வரை திருப்பித் தராத அதே குஷன்தான். ஓரத்தில் தையல் விட்டு மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு, "இந்த வருஷம் சீசன் டிக்கெட் எனக்கு வேண்டாம், ரெண்டு சீட்டையும் நீ எடுத்துக்கிறியா?" என்றார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

1962 நவம்பர் 3, மிசௌரி ஆட்டத்துக்கு அவர் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போனபோது இவருக்குப் பத்து வயசு. அன்று தொடங்கி மெமோரியல் ஸ்டேடியத்தில் டிக்கெட் மிஞ்சியதே இல்லை என்பதுதான் நெப்ராஸ்காவின் பெருமை. 2024 செப்டம்பரில் இலினாய் வந்தபோது அந்த ஹவுஸ்ஃபுல் தொடர் 400 ஆட்டத்தைத் தொட்டது (அன்றைக்கும் ஓவர்டைமில் தோற்றோம்). ஆனால் 2021-லேயே மிஞ்சிய டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்கி, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்துத்தான் தொடரைக் காப்பாற்றினார்கள். பிள்ளைகள் வந்தது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் விற்ற டிக்கெட்டை எண்ணி மனசைத் தேற்றிக்கொண்டிருந்தோம், பாதி ஆட்டத்தில் எழுந்து போகிறவர்களை யாரும் எண்ணவில்லை.

இதில் உன்னோடு எனக்கு ஒரு பழைய சண்டை பாக்கி இருக்கிறது. 2003-ல் கோச் ஃபிராங்க் சோலிச் 9 வெற்றி, 3 தோல்வி என்று முடித்தும் வேலையை விட்டு அனுப்பினார்களே, அன்று ராத்திரி பேஸ்மென்ட்டில் மேசையைத் தட்டி "ஒன்பதெல்லாம் ஒரு வெற்றியா" என்று குதித்தது யார்? அவருக்கு முந்தின கோச் டாம் ஆஸ்போர்ன் 25 வருஷத்தில் ஒரு சீசன்கூட ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை, 255 வெற்றி, கடைசி நாலு வருஷத்தில் மூன்று சாம்பியன் பட்டம். அந்த அளவுகோலை வைத்து அவருக்குப் பின்னால் வந்த மனுஷனை அளந்தோம். அடுத்த வருஷமே 5 வெற்றி, 6 தோல்வி. சீசன் முடிவில் தேறிய அணிகள் ஆடும் பௌல் ஆட்டம், 35 வருஷம் விடாமல் ஆடியது, அதுவும் போச்சு. அப்புறம் கோச்சாக வந்த போ பெலினி ஏழு வருஷமும் ஒன்பதுக்குக் குறையவில்லை, அவரையும் 2014-ல் அனுப்பினார்கள். 1997-ல் பட்டம் வென்ற குவார்ட்டர்பேக் (களத்தில் ஆட்டத்தை நடத்துகிறவன்), நம்ம மாநிலத்துப் பையன் ஸ்காட் ஃபிராஸ்ட் கோச்சாக வந்தால் எல்லாம் சரியாகும் என்று நானும் நம்பினேன்: 16-31. 2021-ல் ஒன்பது தோல்வி, ஒன்றுகூட ஒன்பது புள்ளிக்கு மேல் வித்தியாசமில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசி ஐந்து நிமிஷத்தில் நெஞ்சைப் பிழிந்தார்கள். 2022-ல் ஜார்ஜியா சதர்னிடம் தோற்ற மறுநாள் அவரை அனுப்பியபோது கொடுத்த தொகை ஒன்றரைக் கோடி டாலர், மூன்று வாரம் பொறுத்திருந்தால் அதில் பாதிதான்!

இந்த மாநிலத்தில் மொத்தம் இருபது லட்சம் பேர்தான் மாப்ளே. டெக்சஸ் மாதிரி தெருவுக்குத் தெரு ஆட்டக்காரன் கிடைக்க மாட்டான். சின்னச் சின்ன ஊர்ப் பையன்கள் ஸ்காலர்ஷிப் இல்லாமல் வாக்-ஆனாக வந்து, மூன்று வருஷம் பளு தூக்கி, நாலாவது வருஷம் களத்தில் இறங்கியதால்தான் ஆஸ்போர்னின் அணி அப்படி நின்றது. அதற்குக் கோச் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றினால், புது ஆள் புது முறை, பாதி வளர்ந்த பையன்கள் எதற்கும் உதவாமல் நிற்பார்கள். ஃபிராஸ்டுக்குப் பின்னால் வந்த கோச் மேட் ரூலுக்கு எட்டு வருஷ ஒப்பந்தம் கொடுத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 2024-ல் 7 வெற்றி, 6 தோல்வி, யாங்கி ஸ்டேடியத்து பௌல் ஆட்டத்தில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்ததற்கு ஊரே கொண்டாடியது. எனக்கு உன் மேசைத் தட்டல்தான் காதில் கேட்டது.

ஓனர் கோபப்படவில்லை, அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. 2001-ல் ஓக்லஹோமா ஆட்டத்தில் நம் குவார்ட்டர்பேக் எரிக் கிரவுச் பந்தைப் பிடித்து 63 கஜம் ஓடியபோது உன் கண்ணாடி நொறுங்குகிற அளவுக்குக் கட்டிப்பிடித்த மனுஷன் இவர். தோற்றாலும் ஜெயித்தாலும் வெளியூர் அணி உள்ளே போகும்போது எழுந்து நின்று கைதட்டுவாரே, நம்மையும் எழுப்பிவிடுவாரே. "போன சீசனில் ஒருநாள் எழுந்து தட்டினேன், என் வரிசையில் நான் மட்டும்தான் இருந்தேன்" என்று குஷனைத் தடவிக்கொண்டே சொன்னார். காபியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

ரெண்டு சீட்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்று நேற்று சொல்லிவிட்டேன். ஒன்றில் அவரே உட்கார வேண்டும் என்றும் சொன்னேன். படி ஏற முழங்கால் விடாது என்கிறார், பார்க்கலாம், நான் பிடித்துக்கொள்கிறேன். அக்டோபரில் நீ வா. கூட ஒரு டிக்கெட் வாங்குவது இப்போது கஷ்டமில்லை. குஷன் என்னிடம்தான் இருக்கிறது, தையல் போடக் கொடுத்திருக்கிறேன்.

உன்,
மச்சான்