கலோரி எண்ணுக்கும் ஒரு முத்திரை வேண்டும்

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையில் சட்டமுறை எடையளவுப் பிரிவைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடப்பவர்களில் என் அக்காவும் ஒருவர். வயது 54, எடை 62 கிலோ, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு சுற்று, ஏறத்தாழ 5 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். ஸ்மார்ட் வாட்ச் 338 கலோரி என்று காட்டும். அந்த மகிழ்ச்சியோடு சாப்பிட உட்காருவார். "முந்நூறுக்கு மேல் போயிருக்கிறது, இன்னும் இரண்டு இட்லி வை" என்பார்.

நான்கு மாதத்தில் எடை 2 கிலோ கூடியது. மருத்துவர் காரணம் கேட்டபோது, "நான்தான் ஒழுங்காக நடக்கவில்லை போலிருக்கிறது" என்று தலையைக் குனிந்துகொண்டார். மழை நாளில்கூட நடையை விடாதவர் தன் காலைச் சந்தேகித்தாரே தவிர, கடிகாரத்தைச் சந்தேகிக்கவில்லை. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். வெர்னியர் அளவியைக் கையில் எடுக்கும் மாணவனிடம் முதலில் கேட்கும் கேள்வி, அதன் மீச்சிற்றளவு (அது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) என்ன, பிழை எவ்வளவு என்பதுதான். அதைச் சொல்லாமல் அளவை எழுதினால் மதிப்பெண் கிடையாது. அதே கேள்வியை அக்காவின் கடிகாரத்திடம் கேட்டேன். பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை, செயலியிலும் இல்லை.

கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது உடல் ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 1 கிலோகலோரி (கடிகாரம் 'கலோரி' என்று காட்டுவதும் இதைத்தான்) செலவழிக்கிறது என்பது உடற்பயிற்சி அறிவியலில் வழக்கமான கணக்கு. மிதமான நடை அதன் மூன்றரை மடங்கு. அப்படியானால் அக்காவுக்கு 217. அதிலும் 62, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடந்ததற்காகக் கூடுதலாகச் செலவானது 155 மட்டுமே. சக ஆசிரியர் ஒருவரிடம் வேறு நிறுவனக் கடிகாரம் இருந்தது. அதை வாங்கி அக்காவின் வலது கையில் கட்டி அனுப்பினேன். அதே நடை, அதே இதயம். இடது கை 338 என்றது, வலது கை 211 என்றது. 40 நாள் இரண்டையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தோம். ஒரு நாளும் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரை நடக்கவும் ஓடவும் மிதிவண்டி ஓட்டவும் வைத்து, ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். மூச்சுக்காற்றில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பதை அளந்து, அதோடு ஒப்பிட்டார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் சுமார் 5 கிலோகலோரி என்பதால் அது நம்பத்தக்க அளவு. இதயத்துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் எதுவும் தேறவில்லை. இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு புதிய கருவிகள் வந்துவிட்டன என்று நிறுவனங்கள் சொல்லலாம். அப்படியானால் புதிய பிழை அளவைப் பெட்டியில் அச்சிடட்டும்.

தவறுக்குக் காரணம் எளிதானது. கடிகாரம் கலோரியை அளப்பதே இல்லை. தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி நாடித்துடிப்பை எண்ணுகிறது, கையின் அசைவை உணர்கிறது. மீதியை வயது, எடை, உயரம், பாலினம் ஆகியவற்றை வைத்து ஒரு சூத்திரம் ஊகிக்கிறது. மதுரையின் மே மாத வெயிலில் அதே வேகத்தில் நடந்தாலும் இதயம் கூடுதலாகத் துடிக்கும். அதற்கேற்ப ஆற்றல் செலவு கூடிவிடாது. ரத்த அழுத்தத்துக்கு, இதயத்துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால் மாத்திரை சாப்பிடுபவருக்கு நேர்மாறாக, உழைத்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. இரண்டையும் மணிக்கட்டுக் கருவி எப்படி அறியும்? தோல் கருமை கூடியவர்களிடம் இதயத்துடிப்புப் பிழையும் கூடியதை அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. நம் நாட்டில் விற்கும் பொருளுக்கு இது சிறிய விஷயமா?

சூத்திரங்கள் யாருடைய உடலிலிருந்து வந்தன என்பதும் முக்கியம். 1985இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அடிப்படை ஆற்றல் (ஓய்வில் உடல் செலவழிப்பது) சூத்திரங்களுக்கான தரவில் ஏறக்குறைய பாதி இத்தாலியர்களுடையது. அந்தச் சூத்திரங்கள் இந்தியர்களுக்குக் கூடுதலாகக் காட்டுகின்றன என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழுவே 5 சதவீதம் குறைத்துக்கொண்டது. அக்காவின் கடிகாரத்துக்குள் எந்தச் சூத்திரம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளும் உரிமை வாங்கியவருக்கு இல்லையா?

கலோரி என்ன கடையில் நிறுத்து விற்கும் சரக்கா என்று நீங்கள் கேட்கலாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரும் ரத்த அழுத்தமானியும் நிறுத்து விற்கும் சரக்கை அளப்பவை அல்லவே. ஆனாலும் 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளில் அவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள். உடல்நலம் பற்றிய முடிவை ஒரு எண்ணை நம்பி எடுக்கிறோம் என்பதால்தானே? தெருவில் கீரை விற்கும் பாட்டியின் தராசில் முத்திரை இல்லையென்றால் ஆய்வாளர் பறிமுதல் செய்கிறார். பாட்டியின் தராசு 27 சதவீதம் தவறினால் நீங்கள் விடுவீர்களா?

கருவிகளைத் தடை செய்யச் சொல்லவில்லை. அக்காவைக் காலையில் எழுப்பி நடக்க வைத்ததே அந்தக் கடிகாரம்தான். அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். இந்தியர்களை வைத்து, மூச்சுக்காற்றுச் சோதனையோடு ஒப்பிட்டு, நடை, ஓட்டம், மிதிவண்டி என ஒவ்வொன்றுக்கும் சராசரிப் பிழை எவ்வளவு என்று பெட்டியின் மேல் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் அச்சிடச் செய்யுங்கள். திரையில் 338 என்று ஒற்றை எண் வேண்டாம். '150 முதல் 250 வரை' என்று காட்டட்டும். சும்மா இருந்தாலும் செலவாகும் கலோரியைத் தனியாகப் பிரித்துக் காட்டட்டும், அதைச் சேர்த்துச் சொல்வதில்தான் பாதிக் குழப்பம். மென்பொருள் புதுப்பிப்பில் சூத்திரம் மாறினால் பயனாளருக்குத் தெரிவிக்கட்டும்.

எங்கள் 40 நாள் குறிப்பை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒருவரின் நடை அது. ஆனால் தேதி, நேரம், சுற்று, இரு கடிகாரங்களின் எண்கள் எல்லாம் அக்காவின் கையெழுத்தில் வரிசையாக இருக்கின்றன. கேட்டால் நகலெடுத்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்