லூர் கலரை விடுங்க, அதை எப்படி இழுக்கணும்னு எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை இணைப்புல பாஸ்ங்கிற நன்னீர் மீனை பிடிக்கறது பத்தி ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க. தமிழ்ப் பத்திரிகைல இந்த சப்ஜெக்ட் வர்றதே அபூர்வம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா படிச்சு முடிச்சப்போ ஏதோ கடை கேட்டலாக்கை புரட்டின மாதிரிதான் இருந்துச்சு. பாதி பக்கம் லூர், அதாவது செயற்கை இரை படம், ஒவ்வொண்ணுக்கும் கீழ எந்த கலர் வாங்கணும்னு ஒரு வரி, வாங்கினதை தண்ணில போட்டு என்ன பண்ணணும்ங்கிறதுக்கு மொத்தமே நாலு வரி. புதுசா ஆரம்பிக்கிறவங்க இதை நம்பி பெட்டி நெறய வாங்கி வச்சுட்டு ஒரு கடி கூட விழாம தூண்டில் ராடை மூலைல சாத்திடுவாங்க.

கலர் விஷயத்துக்கே வர்றேன். கருப்பு ஜிக் (தலைல எடை வச்ச முள்ளு லூர்) ஒண்ணு, கருப்பும் நீலமும் கலந்த ஜிக் ஒண்ணு, அப்புறம் சுத்துற தகடு வச்ச ஸ்பின்னர்பெய்ட்ல வெள்ளை ஒண்ணு, சார்ட்ரூஸ்னு சொல்ற அந்த பளீர் மஞ்சள்பச்சை ஒண்ணு, எல்லாமே கட்டாயம் கைல இருக்கணும்னு கட்டுரைல இருக்கு. இல்லினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் லார்ஜ்மவுத்ங்கிற பெரிய வாய் பாஸை வச்சு பண்ணின ஒரு ஆய்வு 2019ல வெளிவந்துச்சு. குறிப்பிட்ட ஒரு கலரை முட்டினா தீனி கிடைக்கும்னு மீனை பழக்கி, எந்த கலரை எதோட கொழப்பிக்குதுன்னு பாத்திருக்காங்க. பாஸோட கண்ணுல கலர் பாக்குற செல் ரெண்டே வகைதான், ஒண்ணு பச்சைக்கு, இன்னொண்ணு சிவப்புக்கு. அதனால சிவப்பையும் பச்சையையும் நல்லா கண்டுபிடிக்குது, ஆனா சார்ட்ரூஸுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாம முழிக்குது, கருப்புக்கும் நீலத்துக்கும் அதே கதைதான். நீங்க கட்டாயம்னு போட்ட ரெண்டு ஜோடியும் சரியா இதுதான் சார்! கலரே பாக்க வேண்டாம்னு நான் சொல்லல, தெளிஞ்ச தண்ணில அடங்கின கலரும் கலங்கின தண்ணில அடர்த்தியான கலரும் எடுபடும், அதோட நிறுத்திக்கலாம். கலங்கின தண்ணில கலரை விட ஸ்பின்னர்பெய்ட்டோட பிளேடுதான் (அந்த சுத்துற தகடு) முக்கியம். கொலராடோங்கிற வட்ட பிளேடு தண்ணியை தட்டி தட்டி அதிர வைக்கும், அந்த அதிர்வை பாஸ் அதோட பக்கவாட்டு உணர்கோட்டால கண்ணு தெரியாத எடத்துல கூட உணர்ந்துடும். வில்லோ எலை மாதிரி நீளமா இருக்கிற பிளேடு மின்னுறதுக்குத்தான், அது தெளிஞ்ச தண்ணிக்கு. இந்த வித்தியாசத்தை ஒரு வரில சொல்லியிருக்கலாமே.

உண்மைல மீன் எந்த ஆழத்துல நிக்குது, லூர் அந்த ஆழத்துல எவ்வளவு வேகமா போகுது, இதுதான் முதல் விஷயம். கிராங்க்பெய்ட்டை, அதான் சின்ன மீன் வடிவுல இருக்கிற கெட்டி லூரை, எடுத்துக்கோங்க. முன்னாடி நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற லிப் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம் எறங்கும், அதுவே தூண்டில் லைன் தடியா இருந்தா தண்ணி புடிச்சு மேலயே நிறுத்திடும், மெல்லிசு லைன்ல அதே லூர் இன்னும் கீழ போகும். அது அடில கெடக்குற கட்டைலயோ கல்லுலயோ இடிக்கட்டும், பயப்படக்கூடாது. இடிச்ச உடனே ஒரு செகண்ட் சுத்துறதை நிறுத்தினா லூர் பின்வாக்குல மெதுவா மெதந்து வரும், அந்த நேரத்துலதான் பாஸ் பாய்ஞ்சு அடிக்கும். உங்க கட்டுரைல கிராங்க்பெய்ட்டை செடி, கட்டை எதுலயும் படாம இழுக்கணும்னு போட்டிருக்கு. செடி சரி. கட்டைல படாம இழுத்தா கடிக்க வேண்டிய பாதி மீன் கடிக்காது.

பிளாஸ்டிக் புழுவுக்கு இன்னும் நெறய எடம் குடுத்திருக்கணும். 1949ல அமெரிக்கால ஒஹையோ மாநிலம் ஆக்ரன்ல நிக் க்ரீம்னு ஒருத்தர் ஆரம்பிச்சு வச்சது, இன்னைக்கு வரைக்கும் ஆரம்பக்காரங்களுக்கு இதை விட நல்ல லூர் கெடையாதுங்கிறது என் கருத்து. புழுவை முள்ளுல கோக்குற முறைக்கு டெக்சஸ் ரிக்னு பேரை மட்டும் போட்டுட்டு விட்டுட்டீங்க. தோட்டா மாதிரி கூம்பா இருக்கிற வெயிட்டை லைன்ல கோத்து அதுக்கு அப்புறம் கழுத்துல வளைவு வச்ச ஆஃப்செட் தூண்டில் முள்ளை கட்டணும், முள்ளு முனையை புழுவோட தலைல அரை சென்டிமீட்டர் உள்ள விட்டு பக்கவாட்டுல வெளிய எடுத்து, முடிச்சு போட்ட எடம் தலைக்குள்ள போற வரைக்கும் இழுத்து, அப்படியே முள்ளை திருப்பி முனையை திரும்ப ஒடம்புலயே பொதைக்கணும். முனை வெளிய தெரியாததாலதான் செடிக்குள்ள போட்டாலும் சிக்காது. புழு நேரா தொங்குதான்னு ஒரு தடவை தூக்கி பாக்கணும், கோணலா இருந்தா தண்ணில பம்பரமா சுத்தி லைன் முறுக்கிக்கும்.

போட்ட உடனே எல்லாரும் லைனை இறுக்கிடுறாங்க, அங்கதான் கோட்டை விடுறாங்க. லைன் இறுக்கமா இருந்தா புழு ஊஞ்சல் மாதிரி நம்ம பக்கம் வந்துடும், தளர்த்தி விட்டாதான் செடியை ஒட்டி நேரா எறங்கும். நெறய கடி எறங்கும்போதுதான் வரும், அது கைல பலமா தெரியும்னு எதிர்பாக்கக் கூடாது. பாஸ் வாயை தொறந்து தண்ணியோட சேத்து இரையை உறிஞ்சும், பிடிக்கலன்னா அதே வேகத்துல துப்பிடும். அதனால கண்ணு லைன் மேலயே இருக்கணும். லைன் லேசா துள்ளினாலும் சரி, பக்கவாட்டுல நகர்ந்தாலும் சரி, அடி தொட வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே நின்னுட்டாலும் சரி, ராடை தாழ்த்தி தொய்வை சுத்தி எடுத்துட்டு ஓங்கி இழுக்கணும். தண்ணி மேல ஓட்டுற ஃப்ராக் (தவளை மாதிரி) லூருக்கு மட்டும் நேர்மாறு, அங்க மீன் பாய்ஞ்ச சத்தம் கேட்டதும் இழுத்தா லூர் காத்துல பறந்து நம்மகிட்டயே வரும், மீனோட கனம் கைல தெரியற வரைக்கும் பொறுக்கணும். சொல்ல ஈஸியா இருக்கு, அந்த வெடிக்கிற சத்தத்துல கை தானா போயிடும்ங்கிறது வேற விஷயம்.

லைனை பத்தி ஒரு வார்த்தை கூட இல்லையே ஏன்? இழைகளை பின்னி செஞ்ச பிரெய்டு லைன் மெதக்கும், நீளாது, ஃப்ராக்குக்கும் அடர்ந்த செடிக்கும் அதுதான். ஃப்ளூரோகார்பன் மூழ்கும், தண்ணிக்குள்ள கம்மியா தெரியும், புழுவுக்கும் ஜிக்குக்கும் நல்லது. நைலான் கொஞ்சம் நீண்டு குடுக்கும். வெயிட்னா ஈயம்னு மட்டும் போட்டிருக்கீங்க. டங்ஸ்டன் ஈயத்தை விட ரொம்ப அடர்த்தி, அதே எடைக்கு சின்னதா இருக்கும், கெட்டியா இருக்கறதால அடில கல்லு இருக்கா சேறு இருக்கான்னு ராடுல நல்லா தெரியும். விலை ஜாஸ்திதான். ஆனா ஈயக்குண்டை முழுங்கி அன்னப்பறவைங்க செத்ததாலதான் பிரிட்டன்ல 1987லயே சின்ன ஈயக்குண்டுகளுக்கு தடை போட்டாங்க, அதையும் வாசகர்கள் தெரிஞ்சுக்கட்டும்.

பெட்டிச் செய்தில ஒரு திருத்தம். லார்ஜ்மவுத் பாஸ் உலக சாதனை 1932ல ஜார்ஜியா மாநிலம் மாண்ட்கோமரி ஏரில ஜார்ஜ் பெர்ரி பிடிச்ச 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்னு போட்டிருக்கீங்க, அது பாதிதான். 2009 ஜூலை 2ஆம் தேதி ஜப்பான்ல பிவா ஏரில மனாபு குரிடா பிடிச்ச மீன் அதை விட கிட்டத்தட்ட ஒரு அவுன்ஸ் ஜாஸ்தி. பழைய சாதனையை முறியடிக்க குறைஞ்சது 2 அவுன்ஸ் கூட இருக்கணும்ங்கிறது மீன்பிடி சாதனைகளை பதிவு பண்ற ஐஜிஎஃப்ஏங்கிற சர்வதேச அமைப்போட விதி, அதனால ரெண்டு பேர் பேரும் சமமா பதிவுல இருக்கு. இதுல வேடிக்கை என்னன்னா குரிடா மீன் லூர்லயே மாட்டல, உயிரோட இருந்த புளூகில் மீனை இரையா போட்டு பிடிச்சது.

கடைசியா, கட்டுரைக்கு மேல போட்ட பெரிய படம். அந்த ஆள் நல்ல கனமான மீனோட கீழ்த்தாடையை ஒத்தை கைல பிடிச்சு ஒடம்பை படுக்கை வாக்குல மடக்கி காட்டுறார். சின்ன மீனுக்கு பரவால்ல, இவ்வளவு பெருசை அப்படி பிடிச்சா மொத்த பாரமும் தாடைல விழுந்து அது பிசகிடும், அப்புறம் தண்ணில விட்டாலும் அதால இரை எடுக்க முடியாம போகலாம். நேரா செங்குத்தா தொங்க விடணும், இல்லன்னா இன்னொரு கையை வயித்துக்கு அடில குடுக்கணும். பாஸ் பிடிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க பிடிச்சு திரும்ப தண்ணிலயே விடுறவங்கதான், படம் பாத்துதான் புதுசா வர்றவங்க கத்துக்கறாங்க. அடுத்த பகுதி வரும்னு போட்டிருக்கீங்க, அதுக்கு ரெண்டு கையால பிடிச்ச படமா பாத்து போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்